குதிரைச் சுவரும் காக்கிச் சட்டையும்

எங்கள் வீடு திருட்டுச் சொத்து, கண்டுபிடித்தால் நைனாவுக்கு விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள் என்று ஒன்பது வயதில் நான் மனமார நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

செஞ்சிக்கும் சிங்கவரத்துக்கும் நடுவில், தெருவின் கடைக்கோடியில், வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டி நின்ற அதை வீடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். எங்கள் வம்சத்தில் ஒரு சட்டம் உண்டு. முன்னோர் வைத்த சுவரை இடித்தால் குடும்பம் விளங்காது, ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே நவாப் காலத்து மண் அறையோடு ஒருவர் செங்கல் கூடத்தை ஒட்டினார். இன்னொருவர் கோட்டையடியில் சரிந்து கிடந்த கற்களை வண்டியில் ஏற்றி வந்து ஒரு சுவர் எழுப்பினார். தாத்தா தம் பங்குக்கு ஒரு நெல் அறை கட்டினார், மிகச் சரியாகச் சமையலறை ஜன்னலை அடைத்து. அறைக்கு அறை தரை ஒவ்வொரு மட்டம், எந்த வாசலிலும் நிமிர்ந்து நுழைய முடியாது. அம்மா பட்டப்பகலில் சிமினி விளக்கைத் தூக்கிப் பிடித்துத்தான் குழம்பு கொதித்ததா என்று பார்ப்பாள். "உங்க நைனா வூடு கட்டல, என்னை உள்ள வச்சி பொதைச்சிட்டாரு" என்பாள். அந்த நெல் அறைச் சுவரை இடிக்கலாமா என்று கேட்டால் மட்டும் என் நைனாவுக்குக் காது கேட்காது.

கோட்டைக் கற்களில் ஒன்றில் ஒரு குதிரை செதுக்கியிருந்தது. கட்டிய கொத்தனாருக்கு அளவு பொருந்தினால் போதும் போல. கல்லைக் குத்தாக நிறுத்திவிட்டதில் குதிரை வானத்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூட வாத்தியார் எங்களைக் கோட்டைக்கு அழைத்துப் போய், இங்கிருந்து ஒரு கல்லை எடுத்தாலும் ஜெயில் என்று சொல்லியிருந்தார். இரண்டே நாளில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நைனாவோடு வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்தில் நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா இது, வூடா, மண்டகப்பட்டுக் கொகையா?"

சுத்தியலோடு சுவர் சுவராகப் போனார். மண் சுவரில் ஆணி இறங்கியது, நிற்கவில்லை. செங்கல் சுவர் மாவாக உதிர்ந்தது. அடுத்த வாசலில் மறுபடியும் தலை. கடைசியில் குதிரைக்கு முன்னால் நின்று, கல் இடுக்குகளில் உளியால் நான்கு துளை போட்டார். கோட்டைக் கல் மாதிரி இருக்கிறதே என்றார். நைனா கொஞ்சமும் கூச்சமில்லாமல், எங்கள் முப்பாட்டன் கொண்டுவந்தது என்றார். அதில் பெருமை வேறு. வந்தவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு இன்னொரு ஆளோடு வருவதாகச் சொல்லிப் போனார். நைனா கொல்லைக்குப் போனார். அம்மா காலையிலேயே செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

ஜெயிலுக்கும் நைனாவுக்கும் நடுவில் நான் ஒருவன்தான் மிச்சம். மாட்டுக்கொட்டகைச் சாணியையும் களிமண்ணையும் குழைத்துக் குதிரையைக் குளம்பு முதல் பிடரிவரை மெழுகினேன். துளைகளில் பிடிபிடியாகத் திணித்தேன். அப்போதும் ஒரு காது தெரிந்தது. ஒரு குடம் தண்ணீரை அடித்துவிட்டு இரண்டாம் தடவையும் பூசினேன்.

காக்கிக்காரர் இன்னொரு ஆளையும் நைனாவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மூன்றாவது முறையாகத் தலை. சுவரைத் தொட்டார், விரலை முகர்ந்தார்.

"இந்த வூட்ல ஆணி தாங்குற செவுரே இது ஒண்ணுதான். அதையும் நனைச்சி வச்சிருக்கியே. ஈரத்துல மீட்டர் மாட்டிட்டு யார்யா பதில் சொல்றது?"

நாளைக்குத் தளவானூர் பக்கம் வேலை, இனி இந்தப் பக்கம் எப்போது அனுப்புவார்களோ தெரியாது என்று சொல்லிவிட்டு, முதல் முறையாகக் குனிந்து வெளியே போனார்.

ஏன் பூசினாய் என்று நைனா கேட்டார்.

"உன்ன போலீஸ் புடிச்சிக்கினு பூடும்னுதான் நைனா."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "தெருவுல கம்பம் நட்டு ஒரு மாசம் ஆவுது. அவரு கரண்ட்டுக்காரர்டா."

கம்பம் நட்டவர்கள் கைலி கட்டியிருந்தார்கள். காக்கி போட்டால் போலீஸ் என்பதுதான் என் படிப்பு.

அம்மா வெயிலில் நடந்து வந்து சேர்ந்தாள். பையிலிருந்து, காகிதம் சுற்றிய ஒரு பல்பைப் பூப்போல எடுத்தாள். நைனா நடந்ததைச் சொன்னார். அவள் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பல்பை மறுபடி காகிதத்தில் சுற்றி உறிப்பானைக்குள் வைத்துவிட்டு, சிமினியை ஏற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நல்லவேளை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டுக்கு மீட்டர் வந்தது அடுத்த வேர்க்கடலை அறுவடைக்குப் பிறகு. கோட்டைக் கல்லைப் பற்றி இன்றுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை. அம்மா மட்டும் இன்னும் ஒரு வருஷம் பட்டப்பகலில் சிமினி ஏற்றிச் சமைத்தாள்.