ரெக்கார்டில் கட்டிய ஆட்டுக்குட்டி

முப்பத்தொரு வயதில் பி.எட். சேர்ந்தவளுக்கு சார்ட் அட்டையில் பூ ஒட்டுவதுதான் பெரிய கொடுமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தனியாள் ஆய்வு என்று ஒன்று வந்தபிறகு பூ ஒட்டுவது எவ்வளவோ தேவலை என்றாகிவிட்டது.

பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரு பிரச்சினைக் குழந்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைக் கவனித்து, வீட்டில் விசாரித்து, அதன் ஆளுமை ஏன் இப்படி வளர்ந்தது என்று கோட்பாட்டோடு காரணம் எழுதி, அன்பு காட்டித் திருத்தி, திருந்திவிட்டது என்று முடிக்க வேண்டும். எல்லாம் நாற்பது நாளில். பெற்றவர்களாலேயே ஆகாத காரியம் இது. இதையெல்லாம் எழுதி வைக்கும் ரெக்கார்டு நோட்டில் உளவியல் மேடத்தின் கையெழுத்து விழாவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் வீணாகும். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் என் கணவர், "இன்னொரு வருசமெல்லாம் என்னால ரசம் வைக்க முடியாது, சொல்லிட்டேன்" என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

எனக்குக் கிடைத்த ஏழாம் வகுப்போ, ஊரிலேயே ஒழுங்கான வகுப்பு. ஒரு பிள்ளைகூடப் பென்சில் திருடவில்லை. என் வயிற்றெரிச்சலைப் பார்த்துவிட்டு, பக்கத்து பெஞ்சுத் தோழி மூன்று பழைய ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எதுக்குக்கா மண்டைய ஒடைக்கிறீங்க? எல்லாரும் சீனியரைப் பாத்துத்தான் எழுதுறாக. பேரையும் ஊரையும் மட்டும் மாத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு முதல் ரெக்கார்டைப் பிரித்தேன். கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி. வகுப்புக்கு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து கடைசி பெஞ்சுக்குக் கீழே தன் தலை ரிப்பனால் கட்டி வைக்கிறாளாம். பாடம் நடக்கும்போது இங்க் ஃபில்லரால் அதற்குப் பால் கொடுக்கிறாளாம். தந்தை ஆந்திராவில் முறுக்குக் கடையில் வேலை. காரணம்: தந்தையின் அன்பு கிடைக்காமை, அதனால் தாழ்வு மனப்பான்மை, அதை ஈடுசெய்யப் பிறர் கவனத்தை ஈர்க்கும் நடத்தை. ஒரு சடையில் ரிப்பன் இல்லாமல் வருவது தன்னைப் பேணிக்கொள்வதில் அக்கறையின்மையைக் காட்டுகிறது.

ரிப்பன் எங்கே போயிற்று என்று நான்கு வரிக்கு முன்னால் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது ரெக்கார்டில் இருந்தவன் மதுரைக்குள் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பையன். அவனும் ஆட்டுக்குட்டியைத்தான் கொண்டுவருகிறான். அவனும் ரிப்பனால்தான் கட்டுகிறான். மூன்றாவதை எழுதியவருக்குக் கொஞ்சம் மனசாட்சி இருந்திருக்க வேண்டும், ஆட்டுக்குட்டியை நாய்க்குட்டி ஆக்கியிருந்தார். ஆனால் அந்த நாய்க்குட்டி "மே" என்று கத்தியதால் வகுப்பு கலைந்தது.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. மறுபடியும் இங்க் ஃபில்லரில் வந்து நின்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில், ஏழாம் வகுப்பில், கடைசி பெஞ்சில், இங்க் ஃபில்லரால் ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுத்தது நான். ஆந்திராவில் முறுக்குப் பிழிந்தது என் அப்பா. மூன்று பிரச்சினைக் குழந்தைகளும் நானேதான்.

தாய் ஆடு பாம்பு கடித்துச் செத்துப்போனது. அம்மா விடிந்ததும் களையெடுக்கப் போய்விடுவாள். குட்டிக்குப் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பால் வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தால் அதுவும் பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும். இதில் கோட்பாடு எங்கே வந்தது?

அந்த வருடம் பயிற்சிக்கு வந்த டீச்சரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வெயில் இல்லாவிட்டாலும் குடையோடு வருவார். மற்ற டீச்சர்கள் குட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தியபோது, அவர் மட்டும் பெஞ்சுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, பால் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். அவரா என்னைப் பிரச்சினைக் குழந்தை என்று எழுதினார்? கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

அதோடு சந்தேகமும் பிடித்துக்கொண்டது. ஒருவேளை உண்மையிலேயே எனக்குள் அப்படி ஒரு குறை இருந்ததோ? ஒரு வாரம் என்னை நானே வேவு பார்த்தேன். பஸ்ஸில் சத்தமாகப் பேசினால் கவன ஈர்ப்பு. பேசாமல் இருந்தால் தாழ்வு மனப்பான்மை. கணவரிடம் ரெக்கார்டைக் காட்டியதுதான் பெரிய தப்பு. தோசை கருகியதற்குக்கூட "பாவம், தந்தை அன்பு கெடைக்காதவ, விடு" என்று தாராளமாக மன்னிக்க ஆரம்பித்தார்.

அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "ஏம்மா, சின்ன வயசுல நான் பிரச்சினைக் குழந்தையா?"

"நீயா? நீ இருக்குறது வெளிய தெரியுமா? அந்தக் குட்டிதான் அம்புட்டுச் சத்தம் போடும்."

அன்றைக்கே என் ரெக்கார்டை நானே எழுதினேன். பிரச்சினை: வகுப்புக்கு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தது. காரணம்: அதற்குப் பால் கொடுக்க வேறு ஆள் இல்லை. தீர்வு: குட்டி புல் தின்னத் தொடங்கியது.

மேடம் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "காரணம் எங்கம்மா?"

"எழுதியிருக்கேனே மேடம்."

"இது காரணமில்ல, சம்பவம்." பக்கத்தின் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, 'காரணம் எங்கே?' என்று எழுதினார். பிறகு பீரோவைத் திறந்து, பிரவுன் அட்டை போட்ட ஒரு பழைய ரெக்கார்டை எடுத்தார். "இதப் பாரு. இத்தன வருசமா இதத்தான் மாதிரிக்குக் காட்டுறேன். இந்த மாதிரி எழுதிட்டு வா. இன்னிக்கே கையெழுத்து வாங்கிரு, நாளைக்கு நான் லீவு."

அட்டையின் மேல் எங்கள் ஊர்ப் பள்ளியின் பெயர் இருந்தது. உள்ளே குடை டீச்சரின் கையெழுத்து. தந்தையின் அன்பு, தாழ்வு மனப்பான்மை, ஈடுசெய்தல் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் நான் திருந்தி வகுப்புத் தலைவி ஆகிவிட்டதாகவும் இருந்தது. என்னைக் கரும்பலகை துடைக்கக்கூட யாரும் விட்டதில்லை.

அதற்கு முந்திய தாளில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மேலே 'காரணம் எங்கே?'. இத்தனை வருடத்தில் மேடத்தின் ஆளுமையில் எந்த வளர்ச்சியும் இல்லை, பேனாவின் நிறம்கூட மாறவில்லை. கோட்டுக்குக் கீழே டீச்சர் முதலில் எழுதியது தெளிவாகத் தெரிந்தது.

'இவளிடம் பிரச்சினை எதுவும் இல்லை. குட்டிக்குத் தாய் இல்லை. பால் கொடுக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. நல்ல பிள்ளை.'

"மேடம், இந்தப் பொண்ணு நான்தான்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ரெக்கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்தக் குட்டி என்னாச்சு?"

"கோயிலுக்கு வெட்டிட்டாங்க மேடம்."

"அழுதியா?"

"ரெண்டு நாளு சாப்பிடல."

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "பிரிவுத் துயர்! இதத்தானம்மா காலையிலருந்து கேக்குறேன்? எழுதிட்டு வா, போடுறேன்."

குட்டியை வெட்டியது அடுத்த வருடம். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும் என்று கேட்க வாய் வரை வந்தது. கையெழுத்து வேண்டும். வராந்தாவில் உட்கார்ந்து பிரிவுத் துயரை நான்கு பக்கத்துக்கு எழுதினேன். குடை டீச்சரும் இதே வராந்தாவில் உட்கார்ந்துதான் என் அப்பாவின் அன்பைக் குறைத்து எழுதியிருப்பார். அவர் மேல் இருந்த வருத்தமெல்லாம் அங்கேயே தீர்ந்தது.

ஆனால் கோடு விழுந்த தாளை அவர் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் ரெக்கார்டு இன்னும் அழகாக இருந்திருக்கும்.

நானும் என் தாளைக் கிழிக்காமல் அப்படியே சேர்த்துக் கட்டினேன். அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: 'நல்ல டீச்சர்.' மேடம் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.