ஒற்றைக் கையில் ஒரு டம்ளர் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயக் கூலியாக இருந்தேன். கதிர்க்கட்டைத் தலைக்கு மேல் ஓங்கிக் களத்தில் அடிக்கும்போது என் வலது தோள் மூட்டு நழுவிவிடும். யாராவது கையை இழுத்துச் சேர்த்துவிடுவார்கள், மறுபடி நழுவும். கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலத்தில் கையை உயர்த்திக் கோஷம் போட்டேன், அப்போதும் நழுவியது. போலீஸ் அடித்துவிட்டது என்று புரளியே கிளம்பிவிட்டது!

கடைசியில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். "கட்டுலேருந்து கையை எடுத்தா தைச்சதெல்லாம் பிஞ்சுடும். அப்புறம் களத்து வேலையை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் வார்டுக்கே கேட்கும்படி எச்சரித்தார்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒரு மிராசுதார். எந்த ஊரோ தெரியாது. கூலித் தகராறு எங்கும் கொதித்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. துணைக்கு அவர் மனைவி இருந்தார்.

மறுநாள் மத்தியானம் என் மனைவி சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. வேறு வழியில்லாமல், "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றேன். அந்த அம்மா செம்போடு வந்து, அதை உயரத் தூக்கிப் பிடித்தார். பண்ணை வீடுகளில் எங்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள். பாத்திரத்தைத் தொட விடமாட்டார்கள். நாங்கள் குனிந்து இரண்டு கைகளையும் குவித்துக் குடிக்க வேண்டும். செம்பு உயர்ந்ததுமே, சிறு வயதிலிருந்து பழகிய உடம்பு குனிந்துவிட்டது. என்னை அறியாமல் வலது கையைக் கட்டுக்குள்ளிருந்து உருவ ஆரம்பித்தேன்.

"ஐயையோ, கையை எடுக்காதீங்க தம்பி! டாக்டர் அவ்வளவு சொன்னாரே!"

அவர் செம்பைச் சட்டென்று இறக்கினார். பிறகு தாங்கள் குடிக்கும் டம்ளரை நிரப்பி என் இடது கையில் கொடுத்தார். தண்ணீர் தளும்பியதைப் பார்த்து அடியில் தாங்கியும் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"மெதுவா குடிங்க, பொறையேறிடப் போவுது."

வெறும் தண்ணீர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்த மனைவி, "தோளு ரொம்ப வலிக்குதா?" என்று பதறினாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தத் தோள் பிறகு நழுவவே இல்லை. அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்றுதான் இன்றும் வருத்தம். கட்டை அவிழ்த்து இரண்டு கைகளும் ஒன்றுசேர்ந்த பிறகும், தண்ணீருக்காக நான் யார் முன்னாலும் குனிந்ததில்லை.