ரோஹிணியின் முழங்காலும் முப்பத்தொரு ஞாயிறுகளும்

வியாழக்கிழமை முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு ரோஹிணி வருகிறாளா இல்லையா என்பதை இன்று மாலை ஐந்து மணிக்குள் டாக்டர் கௌசிக்கிடம் சொல்லியாக வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த தேதி துர்கா பூஜையும் காளி பூஜையும் கழிந்த பிறகுதான். மணி நாலரை. அவள் கணவர் வைத்தீஸ்வரன், லேக் கார்டன்ஸ் வீட்டின் மூன்றாம் மாடிக் கூடத்தில், ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மேசைமேல் அவருடைய ஒப்பீட்டு அட்டவணை விரிந்து கிடந்தது. பொறியியல் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவர். மூன்று கொட்டேஷன்களை அருகருகே வைத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டுக்குக்கூடக் கையெழுத்திட்டதில்லை. மனைவியின் வலது முழங்காலில் பொருத்தப்போகும் செயற்கை மூட்டை மட்டும் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது? மூன்று டாக்டர்களைப் பார்த்தார். மூவரும் மூன்று வடிவமைப்புகளைச் சொன்னார்கள். ஒன்று, மூட்டின் பின்புறத் தசைநாரை அப்படியே விட்டுவைப்பது. இன்னொன்று, அதை நீக்கிவிட்டு, அதன் வேலையை நடுவில் எழும்பி நிற்கும் ஒரு முளையிடம் ஒப்படைப்பது. மூன்றாவதில், உலோகங்களுக்கு இடையிலுள்ள பிளாஸ்டிக் தகடு நடைக்கேற்பச் சற்றே சுழலும். தேய்மானம், மடங்கும் அளவு, உழைக்கும் காலம் என்று பதினாறு பத்திகள். ஒன்றில் முந்தியது மற்றொன்றில் பின்தங்கியது. இரண்டு தேதிகளை ஏற்கெனவே தள்ளிப்போட்டாகிவிட்டது.

“உக்காருங்களேன். நீங்க நடக்கறதைப் பாத்தா எனக்கு முட்டி வலிக்கறது,” என்றாள் ரோஹிணி, நாற்காலியில் இருந்தபடியே. லிஃப்ட் இல்லாத கட்டடம். வங்காளப் புத்தாண்டுக்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை.

“சுழல்ற தகடுதான் நல்லதுன்னு தோணறது. ஆனா பதினோராவது பத்தி இடிக்கறதே!”

“கீழ்வீட்டு சுப்ரியாதி மே மாசம் ஆபரேஷன் பண்ணிண்டா. இப்போ லேக்கை ஒரு சுத்து சுத்திட்டு வரா. உள்ள என்ன டிசைன்னு கேட்டேன். தெரியாது மன்னின்னு சிரிக்கறா.”

“தெரியாம உடம்புக்குள்ள வெச்சுப்பாளா ஒருத்தி!”

“நடக்கறாளே.”

அவர் டாக்டர் கௌசிக்கைப் போனில் அழைத்தார். மூன்றில் எது சிறந்தது என்று ஆங்கிலத்தில் அவர் கேட்டது நான்காவது முறை. டாக்டர் பொறுமையாகவே சொன்னார்: பல்லாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, செய்பவரின் கை எதில் பழகியது என்பது முக்கியம். அறுவைக்குப் பின் மூட்டு எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அறுவைக்கு முன் அது எவ்வளவு மடங்கியது என்பதே. “இப்போது எவ்வளவு மடங்குகிறது?”

அந்த எண் வைத்தீஸ்வரனிடம் இருந்தது. ஞாயிறுதோறும் காப்பிக்குப் பிறகு அவளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, மகளின் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானியால் அளந்து ஒரு நோட்டில் குறித்து வந்தார். புது எண் வந்ததும் அட்டவணையில் பழையதை அழித்துவிடுவார். எந்த வடிவமைப்பு பொருந்தும் என்று பார்ப்பதற்காக மட்டுமே அந்த அளவு.

“அந்த நோட்டைப் பாத்துச் சொல்லு, ரோஹிணி.”

அவள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். “நூத்திப் பன்னெண்டு. நூத்திப் பத்து. நூத்தி எட்டு...”

“கடைசி மட்டும் போறும்.”

“இருங்கோ. நூத்தி ஒண்ணு. தொண்ணூத்தாறு. தொண்ணூத்தொண்ணு.”

வைத்தீஸ்வரனின் நடை நின்றது. முப்பத்தொரு எண்களும் அவர் கையால் எழுதியவை. ஒன்றன்கீழ் ஒன்றாக அவற்றை அவர் படித்ததே இல்லை. அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஏழு மாதத்தில் இருபத்தொரு பாகை போய்விட்டிருந்தது. பதினாறு பத்திகளில் தாமதத்துக்கென்று ஒன்றுகூட இல்லை.

“ஹலோ?” என்றது தொலைபேசி.

“தொண்ணூற்றொன்று,” என்றார். “வியாழக்கிழமை வருகிறோம், டாக்டர். உங்கள் கை எதில் பழகியதோ, அதையே வையுங்கள்.”

தான் முதலிலேயே சொன்ன முளை உள்ள வடிவமைப்புதான் என்றார் டாக்டர். மணி ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது.

பேசி முடித்தவர் அட்டவணையை மடித்தார். ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்து மறுபடி விரித்தார்.

“அந்த முளை தேயுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ?”

“போனை இப்படிக் குடுங்கோ,” என்று ரோஹிணி கையை நீட்டினாள். வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். “வியாழக்கிழமை வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்.”