ஓநாய்ப் படத்தில் ஒரு கறுப்புக் கோடு

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருடம் எனக்குக் காஜா பேராங்கில் ஒரு போட்டோ கடையில் நெகட்டிவ் திருத்தும் வேலை. குடியுரிமை மனுவில் ஒட்டுவதற்குப் படம் எடுத்துக்கொள்ள ஊரே கடைக்கு வந்துகொண்டிருந்தது. அம்மைத் தழும்பு, மரு, கண்ணுக்குக் கீழே கருமை என்று எதைக் கண்டாலும் கூரான பென்சிலால் நெகட்டிவில் தடவி மறைத்துவிடுவேன். நெகட்டிவில் மெல்லிய கீறல் விழுந்திருந்தால் படத்தில் கறுப்புக் கோடாக வரும். அதையும் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகவே செய்துவிடும்.

அந்தச் சமயத்தில் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகிற வழியில் ஒரு திடலில் சர்க்கஸ் வந்து இறங்கியது. புலியைப் பார்க்க யாரும் முண்டியடிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புலி என்ன புதிதா? ஆனால் அவர்களிடம் இரண்டு ஓநாய்கள் இருந்தன. அந்தப் பிராணியை எங்கள் ஊரில் ஒருவரும் கண்டதில்லை. நான் சேர்ந்திருந்த புகைப்படக் கழகத்தின் மாதக் கூட்டத்தில் வைக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று எனக்கு ஒரே வெறி.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கூண்டுக்கு முன்னால் சேற்றில் குப்புறப் படுத்து எடுத்தேன். இரண்டு நாளும் பயந்தேன், அதை மறைப்பானேன். புலி உறுமும், எழுந்து நடக்கும், அதன் கோபம் நமக்குப் புரியும். பெரிய ஓநாய் ஒரு சத்தமும் போடவில்லை. ஒரே மூலையில், ஒரே கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தது. அவ்வப்போது அந்தக் கம்பியை மெதுவாக நெட்டித் தள்ளியது. முதுகு அரிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மட்டும் வீராப்புக்குக் குறைச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு மகளை அழைத்துக்கொண்டு போவதாக மனைவி சொன்னபோது, ஓநாய்க் கூண்டுக்குக் கிட்டவே போய்ப் பாருங்கள், வெறும் நாய்தான், ஒன்றும் செய்யாது என்று அளந்துவிட்டேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

அந்த ஞாயிறு மதியம்தான் கழகக் கூட்டமும். படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய சிட்டி சமூகத்துப் பெரியவர், நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பட்டையாக விபூதி இருக்கும், ஆனால் தமிழ் வராது, எல்லாம் மலாய்தான். போன மாதம் என் கொக்குப் படத்தைப் பார்த்து, பஞ்சு அடைத்த கொக்கா என்று எல்லார் முன்னாலும் கேட்டு என் மூக்கை உடைத்திருந்தார். மிருகப் படம் வைப்பவர் அந்தப் பிலிம் சுருளின் சின்னப் பிரதிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும், வெட்டி ஒட்டி ஏமாற்றக் கூடாது என்று விதி போட்டவரும் அவர்தான்.

பெரிய படத்தை வெகு நேரம் பார்த்தார். கண் நன்றாக வந்திருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துச் சின்னப் பிரதிகளின்மேல் வைத்தார். பெரிய படத்தில் இல்லாத ஒரு கறுப்புக் கோடு இவற்றில் கம்பியின் அடியில் இருக்கிறதே, அது எங்கே போனது என்று கேட்டார். நெகட்டிவில் கீறல், நான்தான் நிரப்பினேன் என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

அவர் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமைப் படத்தில் பார், சனிக்கிழமைப் படத்தில் பார் என்றார். "கீறல் இரண்டு நாளும் ஒரே கம்பியில், ஒரே இடத்தில் விழுமா?"

பார்த்தேன். வெள்ளிக்கிழமை மயிரிழையாக இருந்த கோடு சனிக்கிழமை தடித்திருந்தது. கோட்டுக்கு மேலே கம்பி சற்று வெளியே தள்ளியிருந்தது. ஓநாயின் தோள் அதன்மேல் இருந்தது.

படத்தை அங்கேயே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். கேமரா கழுத்திலேயே தொங்கியது. கழற்றி வைக்கக்கூடத் தோன்றவில்லை. வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது: அது உடைந்த கம்பி, நான் அதை மறைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை அதன் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

திடலில் டிக்கெட்டுக்குக் கூட்டம் நெரிந்தது. தலைகளுக்கு மேலாக இருவரையும் பார்த்துவிட்டேன். கூண்டுக்கு இரண்டே முழம். அந்த மூலைதான். கத்தினேன். பேண்டு வாத்தியத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விலகுங்கள் என்று கையை வீசி வீசிக் காட்டினேன்.

மனைவி என்னைப் பார்த்தாள், என் கழுத்தில் கேமராவைப் பார்த்தாள், சிரித்தாள். குனிந்து மகளின் கவுனை இழுத்துச் சரி செய்து, ரிப்பனை நிமிர்த்தி, என் பக்கம் திருப்பி நிறுத்தினாள். படம் எடுக்கும்போதெல்லாம் 'இன்னும் கொஞ்சம் பின்னால்' என்று நான் கையால் காட்டுவது வழக்கம். அவர்கள் இருவரும் அதற்குப் பழகியவர்கள். நான் கையை வீச வீச மகள் ஒவ்வோர் அடியாகப் பின்பக்கம் நகர்ந்தாள். அவள் முதுகு கம்பியில் இடித்தது. ஓநாய் எழுந்து வந்து ரிப்பனை முகர்ந்தது.

என்ன செய்வதென்றே தெரியவில்லை. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிச் சேற்றில் போட்டேன். அதை ஒரு நாளும் தரையில் வைக்காதவன் நான். அப்போதுதான் மனைவியின் முகம் மாறியது. பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கூண்டுக்காரனிடம் சொன்னபோது நம்பாமல் கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அது கையோடு வந்துவிட்டது. கூச்சல் போட்டுக்கொண்டே ஆட்கள் பலகையும் சங்கிலியுமாக ஓடி வந்தார்கள்.

"நீங்கதானே கிட்டப் போய் நில்லுன்னு சொன்னீங்க" என்றாள் மனைவி. மகளைத் தூக்கிக்கொண்டேன். ரிப்பன் ஈரமாக இருந்தது.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள்.

"ஆடாம நின்னேன்பா. சரியா நின்னேனா?"