பெரியம்மாவுக்குக் கொடுத்த துண்டு

"புது சோப்பா, சாக்ஸா, புல்லுல நடந்தீங்களா?" என் கால்களில் கிளம்பியிருந்த சிவப்புத் தடிப்பைப் பார்த்து டாக்டர் கேட்டார்.

ஒன்பது வயதிலும் இப்படித்தான் தடித்தது. அவிநாசிப் பெரியம்மா தன் வீட்டுக்குப் பின்னால் மண்டிய பார்த்தீனியக் களையை என்னைப் பிடுங்க வைத்தாள். மறுநாள் எங்கள் ஊரான கணபதியில், வீட்டு விசேஷத்தில், சொந்தக்காரர்கள் முன்னால் என் காலைக் காட்டி, "தெனமும் குளிச்சாத்தான கண்ணு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த தடவை வந்தவளுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். துடைக்கத் துண்டும் கொடுத்தேன். தொட்டாலே அரிக்கும் செந்தட்டி இலையைத் தேய்த்து வைத்த துண்டு. எல்லோரும் பார்க்கச் சொறிந்தாள்.

"ஏனுங்க பெரியம்மா, குளிக்கலீங்களா?"

டாக்டரிடம், "எதனாலன்னே தெரியலீங்க" என்றேன். பெரியம்மாவும் தன் கால் அரிப்பைப் பற்றிக் கடைசிவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.