மல்லசமுத்திரத்தில் மூன்று அங்குலப் பனி

மே மாதத்து ஒரு வியாழக்கிழமை, காலை ஆறரை மணிக்குச் சேலம் சந்திப்பில் இறங்கினேன். பணி ஓய்வுக்குப் பிறகு, குளிர்பதனக் கிடங்குகளில் மின்செலவைக் குறைக்க வழி சொல்லிக்கொண்டு தனியாக ஊர் ஊராகப் போய்வருகிறேன். இம்முறை அழைத்தது கிடங்கு அல்ல. மல்லசமுத்திரத்துக்கு அருகே பிள்ளைகள் பனிக்கட்டிமேல் சறுக்கி விளையாடும் தளம் ஒன்று இருக்கிறதாம். பாதி நம்பித்தான் கிளம்பியிருந்தேன்.

திருச்செங்கோடு பேருந்தில் சீட்டு முப்பத்திரண்டு ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆட்டையாம்பட்டியில் வண்டி நின்றபோது ஒரு பொட்டலம் கைமுறுக்கு வாங்கினேன். நடத்துநரிடம் இடத்தைச் சொன்னதும், "ரிக்கு வண்டிக்காரரு கட்டுனதுங்களா? முன்ன கோழித்தீவன குடோனுங்க அது. நானே எறக்கி உடறேனுங்க" என்றார்.

சோளக்காட்டு ஓரம் ஒரு தகரக் கொட்டகை. அக்கம்பக்கத்தில் வீடே இல்லை. வாசலில், என்னை வரச்சொல்லியிருந்த பூங்கொடி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், அந்த வெயிலிலும் சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். "வாங்க்கா" என்று என் பையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே நாற்பதடிக்கு இருபத்தைந்தடியில் பனித்தளம், மங்கிய சாம்பல் நிறத்தில். மேலே தகரம் தகித்தது. ஷட்டர் திறந்தே கிடக்க, வெளியிலிருந்து அனல் உள்ளே வந்துகொண்டிருந்தது. மூலையில் கம்ப்ரசர் ஓயாமல் இரைந்தது.

"எங்க ஊட்டுக்காரரு போர் போடற ரிக்கு வண்டியோட வடக்க போனப்ப, ஒரு மால்ல இதப் பாத்தாருங்க. நம்மூர்ப் புள்ளைங்களும் சறுக்கட்டும்னு கட்டிப்போட்டாரு. இப்ப ராஜஸ்தான்ல போர்க்குழி போட்டு அனுப்பற பணம் பூரா கரண்டுக்கே போயிருதுங்க. இதுக்கோசரம் அவரு அங்க கெடக்கறாரு, நான் இங்க கெடக்கறேன்."

"மூடிடலாம்னு தோணலையா?"

"பொழுதோட புள்ளைங்க வருமுங்க. அதுங்களும் வரலீன்னா நான் ஆருகூடப் பேசறது?"

பனியில் துளையிட்டு அளந்தேன். மூன்று அங்குலம் இருந்தது, ஒன்றேகால் போதும். குளிர்க்குழாய்கள் அடித்தளத்துக்குள் இருக்கின்றன. பனி தடிக்கத் தடிக்க, குளிர் அதைக் கடந்து மேற்பரப்புக்கு வர இயந்திரம் இன்னும் பாடுபட வேண்டும். அதைச் சொன்னதும் பூங்கொடியின் முகம் சுருங்கியது.

"தெனமும் தண்ணி தெளின்னு சொல்லீட்டுப் போனாருங்க. தெளிச்சேன். சீவோணும்னு சொல்லலீங்களே."

அன்று மதியமே ஷட்டரைப் பாதி இறக்கி, வாசலில் கனத்த பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டோம். ஆளில்லாத நேரத்தில் எரிந்த விளக்குகளை அணைத்தோம். வெயில் சூடு இறங்காமலிருக்கக் கூரைக்கு அடியில் வெள்ளித் தாள் ஒட்ட ஆட்களுக்குச் சொல்லியனுப்பினோம்.

வெள்ளி காலை, மேல்பனி இளகட்டும் என்று கம்ப்ரசரை நிறுத்தினேன். கொட்டகை சட்டென்று அடங்கியது. பூங்கொடி மிரண்டு திரும்பினார்.

"எத்தன நேரமுங்க இப்படி?"

"மத்தியானம் வரைக்கும். இனிமே தினமுமே நடுநடுவுல தானா நின்னு நின்னு ஓடும்."

"மிசினு ஓடுனா ஊட்டுல ஆளிருக்கற மாதிரி இருக்குமுங்க்கா" என்றார். மின்செலவைக் குறைக்கும் வேலையில் இப்படி ஒரு நஷ்டத்தை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. இரும்புச் சீவுளியை எடுத்துக்கொண்டேன்.

இருவருமாகச் சீவித் தள்ளினோம். கை மரத்துப்போனது. கரைந்த நீர் வெளியே தென்னைகளுக்கு ஓடியது. பாதித் தளம் முடிந்தபோது பனிக்கு அடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. பிள்ளைகள் சுற்றிவர, முதல் பனி உறைந்தபோது அவர் கணவர் வரைந்த வட்டமாம். மேலே மேலே தெளித்ததில் அது மறைந்தே போயிருக்கிறது. பூங்கொடி குனிந்து அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கை சில்லிட்டிருக்கும், வெகுநேரம் எடுக்கவில்லை.

சனிக்கிழமை, பனியின் குளிரை இரண்டு டிகிரி தளர்த்தி வைத்தேன். மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து வழுக்கி விழுந்து கூச்சலிட்டார்கள். "பையப் போ சாமி, பையப் போ" என்று பூங்கொடி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டே கூடவே ஓடினார். அந்த ஒரு மணி நேரம் அவர் வேறு ஆளாக இருந்தார். பிள்ளைகள் போனதும் ஸ்வெட்டரின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு பழையபடி உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு காலை மீட்டரைப் பார்த்தோம். ஓட்டம் நன்றாகவே குறைந்திருந்தது. பூங்கொடி உடனே ராஜஸ்தானுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ரிக்கின் இரைச்சல்.

"கரண்டு கம்மியாயிருச்சுங்க! ஆமாங்க, நெசமாத்தானுங்க!" என்று கத்தினார். பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த மாசம் பில்லும் இப்படியே வந்துதுன்னா, ஆடிக்கு வாரேன், மறுக்கா போகலைங்கறாரு."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பேருந்து ஏற்றிவிடச் சாலைவரை வந்தார். "ஊட்டுக்குப் போயிச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க்கா" என்றார்.

மறுநாள் விடியலில் சென்னையில் என் வீட்டுப் பூட்டைத் திறந்து, பையை இறக்கி வைத்தேன். வந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியிராத வீடு. அன்று மட்டும் மணி ஏழாகும்வரை காத்திருந்து பூங்கொடியைக் கூப்பிட்டேன்.