பணிகள் திட்டமிட்டபடி நடைபெறுகின்றன

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வெப்சைட் மேடம் என்று பெயர். பதவியின் பெயர் ஏதோ நீளமாக இருந்தது; அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவளை, வேகமாக டைப் அடிக்கிறாள் என்பதற்காகக் கணினி மையத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பல்கலைக்கழக இணையதளம் என்பது மங்கலான ஒரு கட்டடப் படமும் அதன் கீழே ஒரு தொலைபேசி எண்ணும்தான். மற்றதெல்லாம் அவள் கைபட வளர்ந்தது.

வளர்ந்த விதம் அழகு என்று அவளே சொல்லமாட்டாள். கூட்டுக் குடும்பத்தில் கல்யாணமான ஒவ்வொருவனும் தனக்கென்று ஓர் அறை இழுத்துக் கட்டிக்கொள்வதுபோல, ஒவ்வொரு துறைத் தலைவரும் வந்து ஒரு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒருவருக்கு நீலப் பின்னணி, இன்னொருவருக்கு ஓடுகிற சிவப்பு எழுத்து. ஆனாலும் தேர்வு முடிவு எங்கே, விண்ணப்பம் எங்கே, விடுதிக் கட்டண விவரம் எங்கே என்று கேட்டால் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மாணவர்களும் திட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. ஒரு வயதுக்குமேல் வீட்டில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். மாடியில் அவள் இருந்தாள். கீழே தங்கையும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தங்கையின் கணவரும் அவர்களின் ஒரே மகளும். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற பெரிய பெண்ணாகிவிட்டாலும் வீட்டில் எல்லாருக்கும் இன்னும் வாண்டுதான். மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்து, "பெரியம்மா, இதைப் பாருங்களேன்" என்று ஏதாவது ஒரு படத்தை நீட்டுவாள். எல்லாம் கட்டடங்கள். ஜன்னல் வைக்காத சுவரை அவள் வரைந்து யாரும் பார்த்ததில்லை. கட்டடக்கலை படிக்க வேண்டும், அதுவும் பெரியம்மாவின் பல்கலைக்கழகத்திலேயே படிக்க வேண்டும் என்பது அவள் எப்போதோ முடிவு செய்துவிட்ட விஷயம்.

இணையதளத்தை அடியோடு மாற்றப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது வெப்சைட் மேடத்தைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை. ஒரு கம்பெனியைப் பிடித்தார்கள். கம்பெனி சார்பில் வந்தவன் ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருந்தான். எதைக் கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் சொல்வான். "முகப்பு எண்பது பர்சென்ட் ஓவர் மேடம்." "தேடல் வசதி எழுபதைத் தாண்டிடுச்சு மேடம்." இரண்டாம் கூட்டத்திலேயே அலுவலகம் அவனுக்குப் பர்சென்ட் என்று பெயர் வைத்துவிட்டது. காபி குடித்து முடித்தாயா என்று கேட்டால்கூட அறுபது என்பான் என்று கணக்குப் பிரிவில் சிரிப்பார்கள்.

பல்கலைக்கழகத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது: பணி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று மாதாமாதம் இணையதளத்திலேயே ஒரு முன்னேற்றக் குறிப்பு போட வேண்டும். கீழே தொடர்புக்கு என்று அவள் பெயர் இருக்கும். முதல் மாதம் உள்ளதை உள்ளபடி எழுதினாள். மூன்று துறைகள் இன்னும் தகவல் தரவில்லை, கைபேசியில் பக்கங்கள் சரியாகத் தெரியவில்லை, பழைய கோப்புகளை மாற்றும் வேலை தொடங்கவே இல்லை. அதைப் படித்த துணைப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, நம்ம வீட்டு அழுக்கை நாமளே எடுத்து வாசல்ல காயப் போடணுமா?"

"நடந்ததைத்தானே சார் எழுதியிருக்கேன்?"

"நடக்கப்போறதை எழுதுங்க. நல்லதா நாலு வரி. யாரு உட்கார்ந்து படிக்கப் போறாங்க?"

அவள் நல்லதாக நான்கு வரி எழுதினாள். 'பணிகள் திட்டமிட்டபடி நடைபெறுகின்றன' என்பது அதில் முதல் வரி. அடுத்த மாதம் அந்த வரி தானாகவே கையில் வந்தது. போகப் போக அவளுக்கு அந்தப் பாஷை பிடிபட்டுவிட்டது. தாமதத்துக்குக் 'கூடுதல் கவனம்' என்று பெயர். நின்றுபோன வேலைக்கு 'அடுத்த கட்டத்துக்கான ஆயத்தம்' என்று பெயர். "உங்க எழுத்து நல்லா மெருகேறிடுச்சு" என்று துணைப் பதிவாளர் ஒருநாள் சொன்னபோது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது என்பதும் உண்மை. பாராட்டுக்குப் பழகாதவர்களுக்கு எந்தப் பாராட்டும் இனிக்கத்தான் செய்யும்.

பல்கலைக்கழக ஆண்டுவிழா வந்தது. துணைவேந்தர் மேடையில் பொத்தானை அமுக்கிப் புதிய தளத்தைத் திறந்துவைப்பது என்று முடிவாயிற்று. தளமோ அரைவேக்காடு. சேர்க்கைப் பக்கத்தில் போன வருடத் தேதிகளைச் சும்மா மாதிரிக்கு நிரப்பி வைத்திருந்தார்கள். அதிலும் வருடம் கிடையாது. நாளும் மாதமும் மட்டும்.

"வருஷத்தையும் போடுங்க தம்பி" என்று அவள் பர்சென்ட்டிடம் கேட்டாள்.

"டிசைன் கசகசன்னு ஆயிடும் மேடம். இப்போ கிளீனா இருக்கு பாருங்க."

சரி, எப்படியோ போகட்டும் என்று இந்த ஆண்டின் தேதிகளை அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளிட்டாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த முறை ஒரு வாரம் முன்னதாக வைக்கப்பட்டிருந்தது. அதை இரண்டு தடவை சரிபார்த்தாள். அந்த மாதக் குறிப்பில் 'எல்லாத் தகவல்களும் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதினாள். மற்ற பக்கங்களை யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்தும்தான் எழுதினாள்.

விழாவன்று காலை ஒத்திகையில் பொத்தானை அமுக்கினால் வெள்ளைத் திரைதான் வந்தது. பர்சென்ட்டுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கம்பெனி ஆட்கள் அவசர அவசரமாக, கொஞ்ச நாள் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகலை ஏற்றினார்கள். அது வேலை செய்தது. துணைவேந்தர் அமுக்கினார், திரை விரிந்தது, மண்டபம் கைதட்டியது. அவளும் தட்டினாள். அந்த நகலோடு தன் தேதிகள் அழிந்துபோய், போன வருடத் தேதிகள் திரும்பி வந்துவிட்டன என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய பர்சென்ட்டும் சொல்லவில்லை.

அதற்கப்புறமாவது அவள் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. ஒரு பேராசிரியரின் படத்தைக் காணோம், இன்னொருவரின் படம் நசுங்கியிருக்கிறது, மூன்றாமவருக்குத் தன்னைவிட இளையவரின் படம் மேலே இருப்பது பொறுக்கவில்லை. முகங்களைத் தேடித் தேடி ஒட்டுவதிலேயே பொழுது போயிற்று. சேர்க்கைப் பக்கம் தன் கையால் செய்தது, அதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு மாலை அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாண்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் பென்சில் கரி.

"பெரியம்மா, சைட்ல போட்டிருக்கிற கடைசி தேதி கரெக்ட்தானே? கூடப் படிக்கிறவ வேற ஏதோ சொல்றா."

"அவ சொல்றா இவ சொல்றான்னு அலையாத. சைட்ல இருக்கிறதுதான் சரி. நானே என் கையால போட்டது."

"அப்போ விண்ணப்பத்தோட வைக்கிற படத்தையெல்லாம் இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணிட்டே அனுப்பறேன். அந்த நூலகப் படத்துல படிக்கட்டு சரியா வரல."

"நல்லா பண்ணு. அவசரப்பட்டு அள்ளித் தெளிச்சு அனுப்பாத."

என்ன தேதி போட்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். அந்த ஒரு கேள்வியை அவள் பிறகு மனத்துக்குள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள்.

படிக்கட்டு சரியாக வந்தது. வாண்டு விண்ணப்பத்தைத் திறந்தாள். காலம் முடிந்துவிட்டது என்று வந்தது. முதலில் இணைய இணைப்புக் கோளாறு என்று நினைத்தாள். அப்புறம் மாடிக்கு வந்தாள். இந்தத் தடவை ஓடி வரவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் வெப்சைட் மேடம் துணைப் பதிவாளர் முன்னால் நின்றாள். அதற்குள் வேறு பல வீடுகளிலிருந்தும் அழைப்பு வரத் தொடங்கியிருந்தது. ஒரு தகப்பன் தொலைபேசியிலேயே அழுதார்.

"தப்பு நம்ம மேலதான் சார். ஒரு வாரம் நீட்டிச்சுக் கொடுத்துடலாம்."

"நீட்டிச்சா, தப்பு நடந்துதுன்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடுமே. சேர்க்கைக் கையேட்டுல தேதி சரியாத்தானே இருக்கு? கையேடுதான் அதிகாரபூர்வம்."

"அந்தக் கையேடு எங்க சார் இருக்கு? சைட்லதான் இருக்கு. புது சைட்ல அதைத் தட்டினா திறக்கவே மாட்டேங்குது."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க தங்கச்சி பொண்ணும் இதுல மாட்டிக்கிட்டதா கேள்விப்பட்டேனே?" என்றார்.

"ஆமா சார்."

"அப்போ நீங்க வாயே திறக்கக் கூடாதும்மா. சொந்தத்துக்காகப் பேசறீங்கன்னு ஆயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். பர்சென்ட் வந்து உட்கார்ந்து, நகல் ஏற்றியது வழக்கமான நடைமுறைதான், தகவலைச் சரிபார்ப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டான். குழுவில் ஒருவர் அவளுடைய கடைசிக் குறிப்பை உரக்கப் படித்துக் காட்டினார். "எல்லாத் தகவல்களும் சரிபார்க்கப்பட்டன. இது நீங்க எழுதினதுதானே?"

நான்தான் என்றாள். நல்லதாக எழுதச் சொன்ன துணைப் பதிவாளர் எதிரே உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். யார் சொல்லி எழுதினேன் என்று அவள் ஆரம்பித்தாள். "யார் சொன்னாலும் எழுதினது நீங்கதானே மேடம்?" என்றார் கேட்டவர். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

இரண்டு நாள் கழித்து, எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவள் தன் மேஜையில் உட்கார்ந்து முகப்புப் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லை அவளிடமிருந்து பறிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. துணைவேந்தரின் சிரித்த படத்துக்கு மேலே எழுதினாள்: 'இந்தத் தளத்தில் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தவறாக வெளியிடப்பட்டது. இதை நம்பிக் காத்திருந்த மாணவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு பல்கலைக்கழகத்தின் தவறு.' கீழே தன் பெயரைப் போட்டாள். இத்தனை மாதத்தில் முதல் மாதத்துக்குப் பிறகு அவள் எழுதிய உண்மையான குறிப்பு அதுதான்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குள் பெற்றோர்கள் அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் கூட்டம். பல்கலைக்கழகம் வேறு வழியில்லாமல் இறங்கி வந்து, 'கருணை அடிப்படையில்' இரண்டு நாள் விண்ணப்பத்தைத் திறந்தது. பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள். வாண்டுவும் விண்ணப்பித்தாள்.

மற்றவர்களுக்கு அழைப்பு வந்தது. வாண்டுவின் விண்ணப்பம் மட்டும், விசாரணையில் இருக்கும் ஊழியரின் நெருங்கிய உறவினர் என்பதால், முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. முடிவு வந்தபோது இடமெல்லாம் நிரம்பிவிட்டது. முடிவு இதுதான்: தகவல் உள்ளிட்டதில் தனிநபர் கவனக்குறைவு. அவளைப் பல்கலைக்கழகத்தின் மேஜை நாற்காலிக் கிடங்குக்கு மாற்றினார்கள். உடைந்த நாற்காலிகள் எந்தக் கட்டடத்திலிருந்து வந்தவை என்று எழுதி ஒட்டுவது வேலை. புதிய இணையதளத்துக்கு ஏதோ ஒரு மாநாட்டில் சிறந்த வடிவமைப்புக்கான கேடயம் கிடைத்ததாகவும், துணைப் பதிவாளரும் பர்சென்ட்டும் சேர்ந்து போய் வாங்கியதாகவும், நாற்காலி கொண்டுவந்து போட்டவர் ஒருநாள் சொன்னார்.

வீட்டில் தங்கை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"நீ வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள் ஒருமுறை, துணி மடித்துக்கொண்டே. "ஆனா சைட் வாசல்ல அந்த போர்டை நீ போடாம இருந்திருந்தா, யாரையாவது பார்த்து எப்படியாவது சேர்த்திருக்கலாம்னு இவரு சொல்றாரு."

"மத்த பசங்க?"

"மத்த பசங்களுக்கு அவங்கவங்க பெரியம்மா இருப்பாங்கல்ல."

அவள் மாடிக்குப் போய், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு தகப்பன் தொலைபேசியில் அழுதது நினைவுக்கு வந்தது. அவர் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. நன்றி சொல்ல அவர் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாண்டு வேறோர் ஊரில் வேறொரு படிப்பில் சேர்ந்தாள். வணிகவியலோ என்னவோ. படங்களை எடுத்துப் போகவில்லை. கிளம்பும் நாளில் பெட்டி, வாளி, மெத்தை என்று கூடம் நிறைந்திருந்தது. வெப்சைட் மேடம் கீழே வந்து, தலையணையை ஒரு பையில் திணித்துக் கொடுத்தாள்.

"ரயில் ஆறரைக்கு. கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. நான் பார்த்துட்டேன்."

"சரி பெரியம்மா" என்றாள் வாண்டு. முகத்தில் கோபம் இல்லை. பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அறைக்குள்ளிருந்து அவள் குரல் தணிந்து கேட்டது.

"அப்பா, ரயில் எத்தனை மணிக்குன்னு கொஞ்சம் போன் பண்ணிக் கேளுங்களேன்."